பொட்டு வைத்த டாலர்

பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு பழைய அமெரிக்க டாலர் நோட்டு குடியிருந்தது. தன் மேனியைப் பற்றி அதற்கு ஒரே பெருமை.

"நூறு வயசாகியும் ஒரு மடிப்பு உண்டா, கறை உண்டா? பழைய நோட்டு சேர்க்கிறவர் நாளைக்கு வர்றார். லட்ச ரூபாய்க்குக் குறைஞ்சா நான் படியிறங்க மாட்டேன்" என்றது சுவர்ப் பல்லியிடம்.

"அடேங்கப்பா! என் வாலுக்கு எவ்வளவு தேறும்னும் கேட்டுச் சொல்லுங்க துரை. அறுந்தாலும் புதுசா முளைக்கும்" என்றது பல்லி.

"கிண்டல் போதும். அவர் வந்ததும் நல்ல சகுனமா ஒரு சத்தம் கொடு. விலை ஏறட்டும்."

மறுநாள் அவர் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரி செண்பகம் நோட்டைக் கையில் எடுத்ததும் பல்லி கேட்டபடியே சத்தம் கொடுத்தது.

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று பூரித்துப்போன செண்பகம், நோட்டின் நடுவே மஞ்சள் தடவி, அதன்மேல் பெரிதாகக் குங்குமப் பொட்டும் வைத்து அவரிடம் நீட்டினாள்.

அவர் பூதக்கண்ணாடியை வெளியில் எடுக்கவே இல்லை.

"கறை பட்டுப்போச்சேம்மா. இனி இது வெறும் ஒரு டாலர்தான்" என்று எழுந்து போய்விட்டார்.

நோட்டு பழைய இடத்துக்கே திரும்பி வந்தது.

"வாங்க துரை, பொட்டு எடுப்பா இருக்கு" என்றது பல்லி. "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க. லட்சத்துக்குக் குறைஞ்சு படியிறங்கவே இல்லையே!"