அந்த வரியை எழுதியவர்

நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் இருந்த பிழையை ஷுஃபென் சரிசெய்துவிட்டாள். இனி ஆஸ்பத்திரியின் சர்வர்கள் படுத்துக்கொள்ளாது. திருத்தத்தை அனுப்பும்போது, தப்பான நிரல் வரியை எழுதியவர் யார் என்று ஊரறியக் குறிப்பிடுவது வழக்கம்.

"பேரை மட்டும் விட்டுடும்மா," என்றார் மேனேஜர் காவ், ஊலாங் டீயை உறிஞ்சியபடி.

"போடத்தான் போறேன் சார்."

"உலகமே படிக்கும். அந்த ஆளோட பதவி உயர்வு போயிடும்."

"போகட்டும். மூணு வாரமா ஒரு ஆஸ்பத்திரியே தவிச்சுதே, அதுக்கு யார் பதில் சொல்றது?"

"பிள்ளைகுட்டி இருந்தா?"

"ரெண்டு பொண்ணுங்க. தெரிஞ்சுதான் போடறேன்."

"கல்நெஞ்சும்மா உனக்கு. அப்படி என்ன கோவம் அந்த ஆள் மேல?"

"இருக்கு சார்."

ஷுஃபென் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிழை செய்தவர் என்ற இடத்தில் தன் பெயரைத் தட்டி அனுப்பினாள்.