உடைக்காத வளையல்

இசக்கி இறந்த பதினாறாம் நாள்; கூடத்தில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தது. புருஷன் செத்தவளுக்கென்றால் வளையல் உடைக்கும் நாள். இசக்கியோடு பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திய செண்பகவல்லி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவியில் ஒரே பாலினக் கல்யாணச் சட்டத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“பொம்பளையும் பொம்பளையும் கெட்டிக்கிட்டா, எவ செத்தா எவ தாலியறுக்கதாம்?” இசக்கியின் அத்தை சிரித்தாள்.

செண்பகவல்லி கைகளை நீட்டினாள். “எனக்கு உடைங்க அத்தை.”

அத்தை எழுந்து டிவியை அணைத்தாள். நீட்டிய கைகளைப் பிடித்து மடக்கி, அவள் மடியிலேயே வைத்தாள்.

“ஏளா, கல்யாணமாவாத பிள்ள பேசுற பேச்சா இது?”

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கையை அசைத்தால் வளையல் சத்தம் போடும் என்று செண்பகவல்லி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.