ஐந்தாம் சூரியன்

போரின் கடைசிப் பருவத்தில் விமானந்தாங்கிக் கப்பலுக்கு வந்த அந்தப் புதுவகைப் போர்விமானங்கள், மேல்தளத்தில் சிறகு மடித்து நிற்கையில் கைகூப்பியவைபோல் தோன்றும். வீழ்த்திய ஒவ்வொரு பகைவிமானத்துக்கும் விமானியின் இருக்கைக்குக் கீழே வெளிப்பக்கத்தில், பகைவர் கொடியிலுள்ள செஞ்சூரியன் ஒன்றைத் தீட்டுவது சிவக்கொழுந்தின் வேலை. விடியலில் பதிகம் பாடித் தொழுத ஞாயிற்றையே மாலையில் கொலைக்கணக்காக எழுதவேண்டியிருந்ததால், அவர் நெஞ்சு ஒருநாளும் அமைந்ததில்லை.

அன்று ஐந்தாம் சூரியனுக்காக வட்டம் வெட்டிய தகட்டை எடுத்தபோது, விமானி அமிர்தநாதன் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றான்.

"கைய எடுங்க ஐயா. கேப்டன் பார்க்க வர்றாரு."

"இது வேணாம்ணே. அந்த எதிரி விமானிகிட்ட தோட்டா தீர்ந்துபோச்சு. என்னைப் பார்த்துக் கைய ஆட்டினான். அதுக்கப்புறந்தான் சுட்டேன்."

"வரையாம விட்டா என்னைக் கரையில இறக்கி விட்டுருவாங்க. என் சோத்துல மண்ணப் போடாதீங்க."

"வரைஞ்சுக்குங்க. நான் கைய எடுக்க மாட்டேன்."

இரும்புப் படிகளில் பூட்ஸ் ஓசை ஏறிவந்தது. சிவக்கொழுந்து ஒரு கணம் கண்மூடினார். பிறகு தகட்டை அந்தப் புறங்கையின்மீதே பொருத்தித் தூரிகையைச் சுழற்றினார். வட்டம் பிசகாமல் வந்தது. நரம்பு துடிக்கத் துடிக்கச் சூரியனும் துடித்தது.

தொலைவிலிருந்தே எண்ணிய கேப்டன், "அஞ்சு! பலே!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் விமானம் நான்கு சூரியன்களோடு புறப்பட்டது. கண்ணாடிக்குள்ளிருந்து, கையுறை அணியாத ஒரு கை, புறங்கையில் ஐந்தாம் சூரியனோடு, உயர்ந்து அசைந்தது. கீழ்வானம் சிவந்துகொண்டிருந்தது. கூப்பிய கைகளை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் சிவக்கொழுந்து நின்றார்.