கேதரின் வரும் நேரம்

அறுபது வயதில் கேதரின் முகத்தை இழுத்துத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதுதான் அந்த மாதம் கூலிம் ஊர் சர்ச்சில் பூசை முடிந்ததும் நடந்த பேச்சு.

கட்டின புருஷன் ஜூலியஸ் ஞாபக மறதி முற்றி வீட்டில் இருக்கிறார். இவளுக்கு முகமும் கழுத்தும் கேட்கிறது. பக்கத்து வீட்டு ஷீலா நேரிலேயே வந்து, யாரை மயக்க இந்த வேலை என்று விசாரித்தாள்.

கேதரின் சிரித்து மழுப்பினாள். சிரிப்பு இடது பக்கம் மட்டும்தான் ஏறியது.

அதுதான் அவளுடைய துக்கம். பினாங்கு ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்த நாளிலிருந்து கண்ணாடி முன்னால்தான் நின்றாள். கன்னம் இறுகியிருந்தது, ஆனால் அது அவளுடைய பழைய கன்னம் இல்லை. காது மடல் இரண்டும் கீழே இழுபட்டிருந்தன. கழுத்தில் தொங்கிய சதை போய், தாடைக்கு அடியில் கயிறு மாதிரி இரண்டு புடைப்பு வந்திருந்தது. தழும்பை மறைக்க இந்த வெயிலிலும் சால்வை சுற்ற வேண்டியிருந்தது.

இளமையாகவும் தெரியவில்லை, தன் வயதுக்காரியாகவும் தெரியவில்லை. யாரோ ஒருத்தி.

டாக்டர் முதலில் வீக்கம் வடியட்டும் என்றார். வடிந்த பிறகு, தோல் ஓரளவுக்குத்தான் சொன்னபடி கேட்கும் என்றார். கொஞ்ச நாள் பொறுத்து இன்னொரு தடவை திருத்திப் பார்க்கலாமாம். எப்படி ஆகணும்னு நினைச்சு வந்தீங்க என்று அவர் கேட்டபோது கேதரின் சால்வையை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை மகள் ஷாரன் வந்திருந்தாள். அம்மா பினாங்கில் படுத்திருந்தபோது லீவு போட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அம்மா மறுபடியும் ஆப்ரேஷனுக்குத் தேதி கேட்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"போதும்லா மா. அப்பா இப்படி இருக்கும்போது யாருக்காக உங்களுக்கு இந்த முகம்?"

கேதரின் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே வாசல் கேட்டு ஓரம் நாற்காலி போட்டு, சலவைச் சட்டையோடு ஜூலியஸ் உட்கார்ந்திருந்தார்.

"அவருக்காகத்தான்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜூலியஸ் கம்பெனி பஸ் ஓட்டியவர் என்பது ஷாரனுக்குத் தெரியும். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெண்களை ஃபேக்டரிக்கு ஏற்றிப்போய், ஷிஃப்ட் முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். கேதரினும் அந்த பஸ்ஸில்தான் போனாள். அவள் வெளியே வரத் தாமதமானால், மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் வண்டியை எடுக்க மாட்டார். கடைசியாக அவள் ஓடி வந்து ஏறும்போது, "வந்துட்டியா" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அந்த வார்த்தையில்தான் கல்யாணமே நடந்தது.

இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது அந்த வருஷங்கள் மட்டும். பொழுது சாய்ந்தால் சட்டை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிடுகிறார். கேதரின் வருவாளாம். ஆப்ரேஷனுக்கு முன்பெல்லாம், கோப்பித் தம்ளரோடு பக்கத்தில் நின்ற கேதரினை, என்றோ செத்துப்போன தன் பெரியம்மா என்று நினைத்தார்.

ஒருநாள் தாங்க முடியாமல் அவள், நான்தாங்க கேதரின் என்று சொல்லிவிட்டாள். அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"விளையாடாதீங்க பெரியம்மா. கேதரின் சின்னப் பொண்ணு."

அவர் தேடுகிறவள் இந்தச் சதைக்கு அடியில்தானே இருக்கிறாள், மேலே தொங்குவதை எடுத்துவிட்டால் கண்டுபிடித்துவிடுவார் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

"ஒரே ஒரு தடவை வந்துட்டியான்னு கேட்டாருன்னா போதும், ஷாரன். இப்ப பெரியம்மாகூட இல்ல நான். யாரு நீங்கன்னு கேக்குறாரு."

ஷாரன் சீப்பை எடுத்து, அம்மாவின் முடியைக் காதுத் தழும்பு தெரியாதபடி முன்னால் எடுத்து வாரினாள். சால்வையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"போய்ப் பேசிப் பாருங்கம்மா" என்றாள்.

கேதரின் வெளியே போய் ஜூலியஸுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று போனது. அவர் தலையைத் திருப்பி அதையே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு, கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

நீங்களும் ஃபேக்டரியில் வேலையா என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றாள்.

"அப்ப கேதரினைத் தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. இனி இரண்டு நொடியில் கண்டுகொள்வார் என்றுதான் கேதரின் நம்பினாள். தன்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலியஸின் சிரிப்பு நின்றது. அந்தக் கையைப் பார்த்தார். மனம் நோகாதபடி மெல்ல விலக்கி, அவள் மடியிலேயே வைத்தார். தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. பார்க்க நல்லா இருக்கீங்க, அதனாலதான் சொல்றேன். இப்படிப் பக்கத்துல வந்து உக்காராதீங்க. எனக்குக் கேதரின் இருக்கா."