உள்ளே திறக்கும் கதவு

"அண்ணே, தாழ்ப்பாளை நல்லா இழுங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா வயிரவன்.

"இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வரமாட்டேங்குது." குளியலறைக்குள் இருந்து பேசியவர் பெண்ணின் அப்பா சத்தியமூர்த்தி.

கூடத்தில் வெற்றிலைத் தட்டு காத்திருந்தது. நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

"கதவை வெளிப்பக்கம் திறக்கிறாப்ல வைங்கன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றாள் வயிரவனின் மனைவி கண்ணம்மை. "இப்ப இடிச்சா அவுக மேலல்ல விழும்."

"ஈரம் படுற இடத்துல மரக்கதவு போட்டதும் தப்புதான்," என்றார் வயிரவன். "ஊதிப்போச்சு. ஒரு ஜன்னல்கூட வைக்கல. அண்ணே, மூச்சு முட்டுதா?"

"சமாளிக்கிறேன். இடிச்சுராதீக. கதவை ஒட்டித்தான் நிக்கிறேன்."

தச்சரைக் கூட்டிவர மானகிரிக்கு ஆள் போனது. தச்சர் வருவதற்குள் மணி நாலரை ஆகிவிட்டது.

"போச்சு. இனி வேற நாள்தான் பார்க்கணும்." வயிரவன் தலையில் கைவைத்தபடி கூடத்துக்குப் போனார்.

உள்ளே, சத்தியமூர்த்தி வியர்வையைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"அழுகாத ஆத்தா. இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னீல்ல? பேச்சு நின்னுருச்சு," என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

பிறகு ஒற்றை விரலால் தாழ்ப்பாளை நீக்கினார்.