பெரியம்மாவின் சுற்றுலா

“படகு கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஓரத்துக்கும் ஒருதரம் போயிட்டு வந்துடறேன் தம்பி.”

வழிகாட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் அதற்குள் இரண்டு முறை இடம் மாறியாகிவிட்டது. அவள் எழுந்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, உட்கார்ந்தால் மறுபக்கம். படகுக்காரர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், இதைவிடப் பெரிய பாரமெல்லாம் ஏற்றியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள்தான் முதலில் சிரித்தாள்.

சுற்றுலாவின் முதல் நாளே குழுவில் யாரோ அவளுக்குப் ‘பெரியம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முறை பார்த்து வைத்த பெயரல்ல, உடம்பைப் பார்த்து வைத்தது. அது அவள் காதிலும் விழுந்தது. தாராளமாகக் கூப்பிடுங்கள், எங்கள் தெருவிலும் அதுதான் பெயர் என்று அவள் சொன்னதும், பெயர் வைத்தவர்கள் முகத்தில் அசடு வழிந்தது.

அவள் போகாத நாடு குறைவு. விமானத்தில் பெல்ட் எட்டாமல் கூடுதல் பட்டை கேட்டால், சில பணிப்பெண்கள் ரகசியமாகக் கையில் திணிப்பார்களாம், சிலர் கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி கத்துவார்களாம். பக்கத்து இருக்கைக்காரர் பெருமூச்சு விட்டால், நானே பேச்சுக் கொடுத்துவிடுவேன், இறங்கும்போது பாதிப் பேர் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள் என்றாள்.

அதெல்லாம் சரி. வழிகாட்டிக்குப் பிடிபடாத விஷயம் வேறு. அந்த அம்மாள் எதையுமே பார்ப்பதில்லை.

அருங்காட்சியகத்தில் எல்லோரும் ஓவியங்களின் முன்னால் வாய்பிளந்து நிற்க, இவள் கூடத்துக்குக் கூடம் மூலையில் கிடந்த நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தாள். விடுதியில் குளியலறைக் கதவு வழியாக நேராகவும் பக்கவாட்டிலும் போய் வந்துகொண்டிருந்ததாக, அறை சுத்தம் செய்கிற பெண் வந்து சொன்னாள். உணவகத்துக்குப் போனால் கைப்பிடி வைத்த நாற்காலி, வைக்காத நாற்காலி, சுவரோரத்து சோபா என்று மாறி மாறி உட்கார்ந்தாள். சாப்பாடு ஆறிப்போவதைப் பற்றிக் கவலையே இல்லை. மரை கழன்ற கேஸ் என்று குழுவில் ஒருவர் கிசுகிசுத்தார். வழிகாட்டி மறுத்துப் பேசவில்லை.

கடைசி நாள் மலை உச்சிக்கு ரோப் கார். வாசலில் நின்ற ஊழியர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தயங்கினார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நீங்கள் கீழேயே இருந்துவிடுங்களேன் என்று வழிகாட்டியே மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “எவ்வளவு எடை தாங்கும்னு அவர்கிட்டயே கேளுங்க தம்பி. தாங்காதுன்னா நான் ஏறல.”

தாங்கும் என்றுதான் ஊழியரும் ஒப்புக்கொண்டார். ஏறினாள்.

உச்சியில் போய் இறங்கியபோது மேகம் விலகி, பள்ளத்தாக்கு முழுதும் வெயிலில் பளிச்சென்று கிடந்தது. வருடத்தில் எத்தனையோ முறை வருகிற வழிகாட்டிக்கே புல்லரித்தது. திரும்பிப் பார்த்தால் பெரியம்மாவைக் காணோம். வந்த வண்டியிலேயே ஏறி, தனியாகக் கீழே போய்க்கொண்டிருந்தாள், காதில் போனோடு. அவள் மறுபடி மேலே வந்து சேர்வதற்குள் மேகம் மூடிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கும்போது முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். காற்று பட்டிருக்கும் என்று அவன் நினைத்தான்.

அவளுக்காகக் காத்திருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னதில் அவனும் பொறுமை இழந்தான்.

“இவ்வளவு சிரமப்பட்டு வந்து ஒண்ணையும் கண்ணால பார்க்கலையேம்மா. பேசாம வீட்டுலயே இருந்திருக்கலாம்.”

அவள் முகம் ஒரு கணம் வாடியது. திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தை அவனையே உறுத்திக்கொண்டு வந்தது.

சாயங்காலம் விடுதி வரவேற்பறையில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவன் போனபோது, அவளே பக்கத்து இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். அடுத்த மாதம் இதே சுற்றுலா உண்டா என்று விசாரித்தாள்.

“இருந்தா ரெண்டு இடம் வேணும். நீங்களே கூட வந்தா நிம்மதியா இருக்கும்.”

அவன் விழித்தான். “பார்க்காம விட்டதையெல்லாம் பார்க்கணுமாம்மா?”

“எனக்கில்ல தம்பி. வீட்டுல என் பொண்ணு இருக்கா, அப்படியே என்னை உரிச்சு வச்ச உடம்பு. கல்லூரியில படிக்கும்போது ஒரு ராட்டினத்துல ஏறி உட்கார்ந்தா. இடுப்புக் கம்பி பூட்டலைன்னு அத்தனை பேர் முன்னாடி இறக்கி விட்டாங்க. அன்னைக்கு அறைக்குள்ள போனவ, வாசல்படி தாண்டினதில்ல. நானும் நாடு நாடாப் போய், இங்க ஒண்ணும் ஆகலடின்னு போன்ல சொல்லிட்டே இருக்கேன். இன்னைக்கு அந்த வண்டியில போறப்பதான் முதல்தடவையா, ‘நானும் வரட்டுமாம்மா’ன்னு கேட்டா.”

இருக்கையின் கைப்பிடியைத் தட்டியபடி பெரியம்மா சொன்னாள்:

“ஊரைப் பார்க்கப் போறவ அவதான் தம்பி. நான் அவளுக்காக முன்னாடியே உட்கார்ந்து பார்க்க வந்தவ.”