மூன்றாம் படி அட்டை

"இந்த அட்டையை நீங்களே வச்சுக்கோங்க சார். எம் மகன் ஒண்ணும் நடை பழகுற பச்சப்பிள்ள இல்ல!"

சுந்தரம்மாள் வீசிய மஞ்சள் அட்டை மேசையைத் தாண்டி நவநீதகிருஷ்ணனின் காலடியில் போய் விழுந்தது. அவர் பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார். யாரும் அவரிடம் இப்படிப் பேசியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து அட்டையை எடுத்தார்.

'விக்னேஷ்வரன், வன்னியம்பட்டி. முதல் படி' என்று அதில் எழுதியிருந்தது. கீழே முதல் மாதப் பயிற்சி: பத்து நிமிஷம் வேக நடை, இரண்டு நிமிஷம் மெதுவான ஓட்டம், மறுபடியும் நடை. விக்னேஷ்வரன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல் படி, ரெண்டாம் படின்னு பிரிச்சிருக்கது யாரையும் மட்டம் தட்டுறதுக்கு இல்லம்மா. விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் இருக்கணும். போன வாரம் இவனை ஓட விட்டேன். ரெண்டாவது ரவுண்டுலயே வேலியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான்."

"அன்னைக்கு அவனுக்கு மேலுக்குச் சரியில்ல!"

"மேலுக்குச் சரியில்லாதவனை எதுக்கு அனுப்புனீக?"

"பேச்சை மாத்தாதீக சார். செலக்‌ஷனுக்கு இன்னும் மூணே மாசம். இந்த வருஷம் விட்டா இவனுக்கு வயசு தாண்டிப் போயிரும். பொறவு எந்தக் காலத்துல காக்கிச் சட்டை போடுறது? மூணாம் படி குடுங்க. வாங்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"குடுத்தா மூணே நாள்ல முட்டி போயிரும். கட்டுப் போட்டுக்கிட்டு செலக்‌ஷனுக்குப் போவானா?" அவர் மைதானத்தைக் காட்டினார். "அந்தா ஓடுதாகள்ல, அந்தப் பிள்ளைக நாலு பேரும் முதல் படியில ஆரம்பிச்சவுகதான்."

"அவளுக பொட்டப்பிள்ளைக! எம் மகனையும் அவளுகளையும் ஒண்ணாப் பேசாதீக. உங்களுக்கு வேண்டப்பட்டவன்னா மூணாம் படி, பூக்கூடை தூக்குறவ மகன்னா முதல் படி. அம்புட்டுத்தான சங்கதி?"

நவநீதகிருஷ்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "வார்த்தையை அளந்து பேசுங்கம்மா!"

"நான் எதுக்கு அளக்கணும்? அதான் மெஷினே அளந்து வச்சிருக்கே!"

மகன் கையிலிருந்த போனைப் பிடுங்கி அவர் முன்னால் நீட்டினாள். "இவன் தங்கச்சி மில்லு போனஸ்ல வாங்கிக் குடுத்த வாட்ச்சுல ஏறுன கணக்கு இது. ஒரு மாசம் கட்டிக்கிட்டு ஓடுங்க, அதைப் பாத்துத்தான் எந்தப் படின்னு முடிவு பண்ணுவேன்னு நீங்கதான சொன்னீக? இதைப் பாக்காமலே அட்டை எழுதிட்டீக. இப்பப் பாருங்க. விடியுமுன்ன அஞ்சு மணிக்கு, செலக்‌ஷன்ல கேக்குற ஒன்றரை கிலோமீட்டரை ஏழு நிமிஷத்துக்குள்ள ஓடியிருக்கான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசம் பூரா. நான் நாலு மணிக்கே பூ எடுக்கப் போயிருவேன். நான் எழுப்பாமலே எம் பிள்ள தானா எந்திரிச்சு ஓடியிருக்கான் சார்! இவனுக்கா நடை பழக்குவீக?"

பெற்ற வயிற்றின் பெருமையும் ஆத்திரமும் சேர்ந்து அவள் குரலை உடைத்தன.

"அம்மா, போதும்மா. வீட்டுக்குப் போவோம்" என்று விக்னேஷ்வரன் அவள் சேலையை இழுத்தான்.

"நீ சும்மா கெட! உனக்கு வாயில்லன்னுதான் ஏறி மிதிக்காக."

நவநீதகிருஷ்ணன் போனை வாங்கி ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தார். "வீட்டுல இருந்து மெயின்ரோட்டு விலக்கு வரைக்கும் ஓடுனதுக்கு ரெக்கார்டு இருக்கு. திரும்பி ஓடியாந்ததுக்கு ஒரு நாள்கூட இல்லையே?"

"வரும்போது நடந்து வந்திருப்பான்."

"சரி. பகல்ல இவனுக்கு என்ன வேலை?"

"வேலைக்கெல்லாம் அனுப்பல. வீட்டுல உக்காந்து பரீச்சைக்குப் படிக்கான்."

"உக்காந்து படிக்கவன் காலையில ஆறு மணியில இருந்து ரெண்டு மணிக்குள்ள எப்படிம்மா இருபதாயிரம் அடி நடந்தான்? அதுவும் தெனமும்?"

சுந்தரம்மாள் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, மூஞ்சியைப் பாத்துப் பேசு" என்று அதட்டினார் நவநீதகிருஷ்ணன். "ஒரு மாசமா வாட்ச்சு யார் கையில இருந்துச்சு?"

"தங்கச்சி கையில சார்." விக்னேஷ்வரனின் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. "அஞ்சே காலுக்கு மில்லு வேன் விலக்குக்கு வந்துரும். எங்களுக்கெல்லாம் சோறாக்கி வச்சிட்டு, தூக்குச்சட்டியோட ஓடித்தான் அவ தெனமும் வேனைப் பிடிப்பா. மில்லுல ஷிப்ட்டு முடியுற வரைக்கும் மெஷினைச் சுத்தி நடந்துக்கிட்டே இருக்கணும் சார்."

சுந்தரம்மாள் மகனை அடிக்கக் கையை ஓங்கினாள்.

நவநீதகிருஷ்ணன் தடுக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து மூன்றாம் படி அட்டை ஒன்றை எடுத்துப் போட்டு, பேனாவைத் திறந்துகொண்டு அவளிடம் கேட்டார்:

"மக பேரு என்னம்மா?"